தென்னாப்பிரிக்காவில் வெர்ச்சுவல் அசிஸ்டன்ட் வேலை: கம்பெனி தொடங்கும் முன்

டர்பனில் வீடு பார்த்து, இணைய இணைப்பும் வாங்கி, வெளிநாட்டு கிளையன்ட் ஒருவரையும் பிடித்துவிட்டவர்கள் அடுத்துக் கேட்பது, "கம்பெனி பதிவு பண்ணிடலாமா?" பண்ணலாம், சிரமமே இல்லை. அதற்கு முன் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவை வரி விடாமல் படியுங்கள்.

வெளிநாட்டவரும் இங்கே பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு கம்பெனியின் இயக்குநர் ஆகலாம். ஆனால் அது வேலை செய்ய அனுமதி ஆகாது. கணவரின் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் விசாவோடு (நாட்டுக்குத் தேவைப்படும் திறமைசாலிகளுக்கான விசா) துணையாக வந்தவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். பிசினஸ் விசாவுக்குப் பொதுவாக 50 லட்சம் ராண்ட் முதலீடு கேட்கிறார்கள். மெயில் பார்த்து, காலண்டர் பராமரிக்கிற தொழிலுக்கு எதற்கு இவ்வளவு என்று யாரிடம் போய்க் கேட்பது?

விசா சரியென்றால் மீதி சுலபம். கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான சிஐபிசியின் இணையதளத்தில், வழக்கமான படிவத்தில் பதிய 125 ராண்ட், பெயரை ஒதுக்க 50 ராண்ட். அந்த 50 ராண்டை மிச்சம் பிடிக்காதீர்கள். பெயர் இல்லாமல் பதிந்தால், 'கே' என்று தொடங்கும் நீளமான பதிவு எண்ணே கம்பெனியின் பெயராகிவிடும். இன்வாய்ஸில் அதைப் பார்க்கும் கிளையன்ட் கொஞ்சம் யோசிப்பார். பதிவு எண்ணின் கடைசியில் 07 இருக்கிறதா பாருங்கள். அதுதான் பிரைவேட் கம்பெனிக்கு உரியது.

என்னைக் கேட்டால், ஆரம்பத்தில் கம்பெனியே வேண்டாம். கம்பெனி லாபத்துக்கு 27% வரி. மீதியை டிவிடெண்டாக, அதாவது பங்குதாரரின் லாபப் பங்காக எடுத்தால் மேலே இன்னொரு 20%. தனிநபராக, வரித்துறையான சார்ஸில் பதிந்து தொழில் செய்தால் வரி 18 சதவீதத்தில்தான் தொடங்கும், சிஐபிசி பக்கம் போகவே தேவையில்லை. கிளையன்ட்டின் பாஸ்வேர்டும் பணப் பட்டுவாடாவும் உங்கள் கைக்கு வரும்போது, அல்லது பெரிய நிறுவனம் ஒப்பந்தம் கேட்கும்போது, கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம். அப்போதும் ஒன்று: கடனுக்காக வங்கி நீட்டும் ஷ்யூரிட்டி (ஜாமீன்) பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. கம்பெனி கடன் உங்கள் சொந்தச் சொத்தைத் தொடாது என்கிற 'லிமிடெட்' அங்கே காப்பாற்றாது.

கம்பெனி பதிந்தால், அந்தத் தேதியை போனில் குறித்து வையுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தேதியிலிருந்து 30 வேலை நாட்களுக்குள் சிஐபிசிக்கு ஆண்டு அறிக்கை போக வேண்டும், உண்மையான உரிமையாளர் யார் என்ற விவரத்தோடு. சார்ஸுக்குக் கொடுக்கும் வரிக் கணக்கு வேறு, இது வேறு. தொடர்ந்து அனுப்பாமல் விட்டால் கம்பெனியைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.