வெஸ்டா சிறுகோளைப் பைனாகுலரில் கண்டறியும் முறை

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட முதன்மைச் சிறுகோள் பட்டையில் மிகப் பிரகாசமாகத் தெரிவது வெஸ்டா. ஆனால் பைனாகுலரில் அது விண்மீன்களைப் போலவே ஒரு புள்ளியாக இருக்கும் என்பதால், அதன் நகர்வைக் கொண்டுதான் அதை இனங்காண வேண்டும். அதற்கு முன்பே கண்டறியப்பட்டிருந்த சீரீஸ், பல்லாஸ் என்ற சிறுகோள்கள் உடைந்துபோன கோள் ஒன்றின் துண்டுகள் எனக் கருதி, எஞ்சிய துண்டுகளைத் தேடிக் கன்னி விண்மீன் குழுவைக் கண்காணித்துவந்த மருத்துவர் ஹைன்ரிஷ் ஓல்பர்ஸ், 1807 மார்ச் 29 அன்று ஜெர்மனியின் பிரெமன் நகரில் இதைக் கண்டார். உடைந்த கோள் என்ற கருத்து பின்னர் கைவிடப்பட்டது; அவருடைய பொறுமையான கண்காணிப்போ இன்றும் பின்பற்றத்தக்கது.

ஏறத்தாழ 16½ மாதங்களுக்கு ஒருமுறை வெஸ்டா சூரியனுக்கு எதிர்த்திசையில் அமையும். அந்நாட்களை ஒட்டி, நிலவில்லாத இரவைத் தேர்ந்தெடுங்கள். நள்ளிரவு வாக்கில் அது வானில் உச்சத்தை அடையும். பொலிவெண் (பிரகாசத்தின் அளவு; எண் கூடக்கூட மங்கல்) ஏறத்தாழ 6 என்பதால் 7x50 அல்லது 10x50 பைனாகுலர் (7 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. வில்லை கொண்டது) போதும். வானத்தின் தோற்றத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் ஊரையும் தேதியையும் கொடுத்து, வெஸ்டாவுக்கு அருகிலுள்ள பிரகாசமான விண்மீன் எது என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

வரைவதுதான் இதில் முக்கியமான வேலை. கண்கள் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது காத்திருந்து, பைனாகுலரை முக்காலியில் பொருத்தி, தாளில் ஒரு வட்டம் போட்டு, முதலில் பிரகாசமான விண்மீன்களையும் பிறகு அவற்றுக்கிடையே உள்ள மங்கலானவற்றையும் சிவப்பு விளக்கொளியில் குறியுங்கள். எது வெஸ்டா என்று அப்போதே முடிவு செய்யாமல், எல்லாப் புள்ளிகளையும் ஒரே கவனத்துடன் பதிவு செய்வது நல்லது. இரண்டு இரவுகள் கழித்து அதே பகுதியை மீண்டும் வரைந்து ஒப்பிட்டால், ஒரு புள்ளி மட்டும் மேற்கு நோக்கி ஏறத்தாழ அரைப் பாகை, அதாவது முழுநிலவின் அகல அளவு, நகர்ந்திருக்கும். அதுவே வெஸ்டா.

சுமார் 525 கி.மீ. விட்டமுள்ள வெஸ்டா, 940 கி.மீ. விட்டமுள்ள சீரீசைவிடப் பிரகாசமாகத் தெரிவதற்குக் காரணம், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 40 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் அதன் எரிமலைப் பாறை மேற்பரப்புதான். அது 5 மணி 20 நிமிடத்தில் தன்னைத்தானே சுற்றுகிறது. சூரியனைச் சுற்றிவர 3.6 ஆண்டுகள் ஆகின்றன. 2011 முதல் 2012 வரை அதைச் சுற்றிவந்த நாசாவின் டான் விண்கலம், தென்துருவத்தில் சுமார் 500 கி.மீ. அகலமுள்ள ரியாசில்வியா பள்ளத்தை விரிவாகப் படமெடுத்தது. அங்கு நேர்ந்த மோதலில் சிதறிய பாறைகள் சில விண்கற்களாகப் பூமிக்கு வந்து சேர்ந்துள்ளன. யூக்ரைட் என்ற பெயருடன் அருங்காட்சியகத்தில் ஒரு கல்லைக் காண நேர்ந்தால், அது பெரும்பாலும் வெஸ்டாவிலிருந்து வந்ததாகவே இருக்கும்.