ஃபைபர் லைனைக் கவனிக்க ஏஜென்ட் வைப்பது எப்படி

ஆனி, ஆடிக் காற்றில் கடையம், தென்காசிப் பக்கம் கிளை முறிந்து கேபிள் மேல் விழும்; கரண்டும் சேர்ந்தே போகும். எல்லா லைனும் கிளம்புகிற கன்ட்ரோல் அறையான ஹெட்எண்டில் இரண்டுக்கும் ஒரே சிவப்புத்தான். கரண்ட் போனது எங்கே, ஃபைபர் அறுந்தது எங்கே என்று பிரித்துச் சொல்வதுதான், லைனைத் தானே கவனித்து முடிவெடுக்கிற ஏஜென்ட் மென்பொருளிடம் முதலில் வாங்க வேண்டிய வேலை.

அதற்குப் பட்டியல் வேண்டும். ஓஎன்யூ (வீட்டில் இருக்கும் ஃபைபர் பெட்டி) சீரியல் நம்பர், பான் போர்ட் (ஹெட்எண்டில் அந்த லைன் கிளம்பும் முனை), ஸ்பிளிட்டர் (ஒரு இழையின் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிப்பது), தெரு, போஸ்ட். அந்த வீட்டில் இன்வெர்ட்டர் உண்டா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பட்டியல் பழசானால் மேலப்பாளையம் கோளாறுக்கு லைன்மேன் பேட்டையில் போய் நிற்பார். எல்லாக் கருவிகளின் நேரத்தையும் என்டிபி (நெட்வொர்க் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) மூலம் ஒன்றாக்குங்கள். இல்லையென்றால் எது முதலில் விழுந்தது என்ற கணக்கே தப்பும்.

அலாரம் ட்ராப்பாக, அதாவது நாம் கேட்காமலே கருவி அனுப்பும் தகவலாக, உடனே வரட்டும். ஒளி அளவை 5 நிமிடத்துக்கு ஒருமுறை எஸ்என்எம்பி (கருவிகளிடம் நிலை விசாரிக்கும் முறை) வழியே கேட்டால் போதும். 30 விநாடிக்கு ஒருமுறை கேட்டால் சின்ன ஓஎல்டி (ஹெட்எண்டில் பான் போர்ட்டுகள் இருக்கும் கருவி) திணறிவிடும்.

கரண்ட் போனால் ஓஎன்யூ அணைகிற கணத்தில் 'டையிங் கேஸ்ப்' தகவல் அனுப்பும். மலிவு ஓஎன்யூக்களில் சில அனுப்பாது. இன்வெர்ட்டர் குறிப்பு அங்கேதான் உதவும்: தெருவே அணைந்து இன்வெர்ட்டர் வீடுகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் கரண்ட், அவையும் அதே விநாடியில் விழுந்தால் ஃபைபர். ஒரு ஸ்பிளிட்டர் மட்டும் போனால் அதற்கு வரும் இழையைப் பாருங்கள், போர்ட் முழுதும் போனால் மெயின் கேபிளை.

அறாமல் தேய்கிற லைனுக்கு மைனஸ் 27 டிபிஎம் (ஏறக்குறைய ஓஎன்யூ ஒளியைப் பிடிக்கத் தவறும் எல்லை) வரை காத்திருக்க வேண்டாம். அந்தந்த வீட்டின் வழக்கமான அளவிலிருந்து 3 டிபி, அதாவது பாதி ஒளி, குறைந்தாலே டிக்கெட் (லைன்மேனுக்கான கோளாறுச் சீட்டு) போடச் சொல்லுங்கள். இறங்கும் ஒளி 1490 நானோமீட்டர், ஏறும் ஒளி 1310. 1490 மட்டும் கூடுதலாகக் குறைந்தால் எங்கோ வயர் மடங்கியிருக்கிறது. மடிப்பில் நீள அலைதான் அதிகம் கசியும். இரண்டும் ஒன்றுபோலக் குறைந்தால் கனெக்டர் அழுக்கு, அல்லது ஜாயின்ட் கோளாறு. டிக்கெட்டில் இந்த ஒரு வரி இருந்தால் லைன்மேனுக்குப் பாதி அலைச்சல் மிச்சம்.

முதல் இரண்டு வாரம் பார்க்கும் அனுமதி மட்டும் கொடுங்கள். ஏஜென்ட் சொன்னதும் லைன்மேன் கண்டதும் ஒத்துவந்தால், ஒரு ஓஎன்யூவை மணிக்கு ஒருமுறை ரீபூட் செய்ய விடலாம். ஒரே போர்ட்டில் மூன்றுக்கு மேல் தடுமாறினால் கைவைக்கக் கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டும். ஓயாமல் ஒளி விடுகிற ஒரு கெட்ட ஓஎன்யூ போர்ட்டையே கெடுக்கும். மற்றவற்றை ரீபூட் செய்து பயனில்லை, அவை திரும்ப ஏறத் தாமதமாவதுதான் மிச்சம்.

அம்பாசமுத்திரத்துக்குத் தாமிரபரணியின் தென்கரையில் சேரன்மகாதேவி வழி ஒன்று, வடகரையில் முக்கூடல் வழி ஒன்று என ரிங் (ஒரு பாதை அறுந்தால் மறுபாதை கைகொடுக்கும் வளையம்) போட்டிருந்தால், பாதை மாற்றும் அதிகாரம் ஒரே ஏஜென்டிடம் இருக்கட்டும். இரண்டிடம் கொடுத்தால் ஒன்று திருப்பியதை மற்றது மாற்றும். லைன் ஆடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை மாற்றினால் 15 நிமிடம் தொடாதே என்ற விதியும் வேண்டும்.

ஃபைபர் அறுந்தாலும் தொடர்பு இருக்க ஏஜென்டுக்குத் தனியே ஒரு 4ஜி சிம் வையுங்கள். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 மாதிரி மழை அடித்தால் டவரும் சேர்ந்து படுக்கும். ஹெட்எண்டோடு தொடர்பு அற்றுப்போன ஏஜென்ட் கடைசி செட்டிங்கை அப்படியே விட்டு, லாக் மட்டும் எழுத வேண்டும்.