அசெம்பிள் கம்ப்யூட்டருக்கு ப்ராசஸர் தேர்ந்தெடுப்பது எப்படி? காரைக்குடி வட்டாரத்துப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் கேபினட்டையும் மானிட்டரையும்தான் முதலில் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரிபவை அவைதாம். ஆனால் எந்த மதர்போர்டு, எந்த ராம், எவ்வளவு பெரிய கூலர் (குளிர்விக்கும் விசிறி), தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் முடிவு செய்வது கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர். அதை முதலில் உறுதி செய்துவிட்டால் மற்றவை தாமாக வரிசையில் வந்துவிடும்.

"ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா?" என்ற கேள்வியோடு கடைக்குப் போகாதீர்கள். முழு மாடல் எண்ணைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அந்த எண்ணை நீங்களே கண்டுபிடிக்க உதவுவதுதான் இந்த விளக்கத்தின் நோக்கம்.

படி 1: என்ன வேலை என்று எழுதுங்கள்

"எல்லாவற்றுக்கும்" என்று எழுதாதீர்கள். தினமும் திறக்கப் போகும் மென்பொருள்களின் பெயர்களை எழுதுங்கள். நம் பக்கத்தில் பெரும்பாலும் நான்கு வகைத் தேவைகளைப் பார்க்கிறேன்.

கடைக் கணக்கு: டேலி, ஜிஎஸ்டி தாக்கல், பில் அச்சடிப்பது. வீட்டு உபயோகம்: சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகளோடு ஆச்சி வீடியோவில் பேசுவதற்கு, பேரன் படிப்பதற்கு. இந்த இரண்டுக்கும் 4 கோர் (ப்ராசஸருக்குள் வேலை செய்யும் தனித்தனிப் பகுதி) உள்ள இன்டெல் ஐ3-12100 அல்லது ஐ3-14100 தாராளம். இதற்கு மேல் ஒரு ரூபாய் கூடுதலாகப் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. மிச்சப் பணத்தில் 16 ஜிபி ராமும் நல்ல என்விஎம்ஈ எஸ்எஸ்டியும் (அதிவேகச் சேமிப்பகம்) வாங்குங்கள். அந்த வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

மூன்றாவது, அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் படிக்கும் மாணவர்கள்: புரோகிராமிங், வடிவமைப்பு மென்பொருள், இரவில் கொஞ்சம் விளையாட்டு. நான்காவது, கல்யாண ஸ்டுடியோ. ப்ராசஸர் தேர்வில் அதிக நுணுக்கம் தேவைப்படுவது இந்த நான்காவது வகைக்குத்தான். அதை நான்காம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

படி 2: பெயரை முழுதாகப் படியுங்கள்

அவசரப்படாமல் படிக்க வேண்டிய பகுதி இது.

இன்டெல் கோர் ஐ5-12400எஃப் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். "ஐ5" என்பது வரிசை. "12" என்பது தலைமுறை. "400" என்பது அந்தத் தலைமுறைக்குள் அதன் இடம். கடைசியில் உள்ள "எஃப்" என்ற எழுத்து, இதற்குள் கிராபிக்ஸ் வசதி (மானிட்டருக்குப் படம் அனுப்பும் பகுதி) கிடையாது என்று சொல்கிறது. நான்கு துண்டுகளில் கடைக்காரர்கள் உரக்கச் சொல்வது முதல் துண்டை மட்டும்தான். உங்கள் பணத்தைக் காப்பாற்றுபவை மற்ற மூன்றும்.

தலைமுறை ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். "ஐ7 கம்ப்யூட்டர், மலிவு விலை" என்று விற்கப்படும் பழைய அலுவலக இயந்திரங்களில் ஐ7-4770 இருப்பதைப் பார்க்கலாம். அது 2013-இல் வந்தது. 4 கோர், 8 திரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கக்கூடிய வேலைகளின் எண்ணிக்கை). 2022-இல் வந்த ஐ3-12100க்கும் அதே 4 கோர், 8 திரெட்தான். ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையில் ஐ3 அந்த ஐ7-ஐ வெகுதூரம் பின்னே விட்டுவிடும். பழையதற்கு டிடிஆர்3 என்ற பழைய வகை ராம்தான் பொருந்தும். அதன் மதர்போர்டுகள் பெரும்பாலானவற்றில் என்விஎம்ஈ எஸ்எஸ்டிக்கு இடமே இல்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் விதி; விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. "7" என்ற எண்ணை நம்பிச் சேமிப்பைக் கொடுக்கும் குடும்பங்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இன்டெல்லின் மற்ற எழுத்துகள்: "கே" இருந்தால் வேகத்தை உயர்த்திக்கொள்ளலாம், பெட்டியில் கூலர் வராது. "கேஎஃப்" என்றால் கூலரும் இல்லை, உள்ளே கிராபிக்ஸும் இல்லை. "டி" என்றால் மின்சாரம் குறைவு, வேகமும் குறைவு. 2024 இறுதியில் வந்த புதிய வரிசையின் பெயர் கோர் அல்ட்ரா 200. அல்ட்ரா 5 245கே போன்ற பெயர்களில் "ஐ" இருக்காது.

இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் பக்கம் பெயர்கள் இன்னும் சிக்கலானவை. ரைசன் 5 5500, ரைசன் 5 5600 இரண்டும் 6 கோர், 12 திரெட். எண்ணில் நூறுதான் வித்தியாசம். ஆனால் 5500-இல் கேஷ் நினைவகம் (ப்ராசஸருக்குள்ளேயே உள்ள சிறிய, அதிவேக நினைவகம்) 16 எம்பி, 5600-இல் 32 எம்பி. விளையாட்டுகளில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். "ஜி" என்று முடிந்தால் உள்ளேயே ஓரளவு வலுவான கிராபிக்ஸ் உண்டு. "எஃப்" என்றால் இங்கும் கிராபிக்ஸ் இல்லை. "எக்ஸ்3டி" என்றால் கேஷ் மிகப் பெரியது. ரைசன் 7 7800எக்ஸ்3டி-யில் அது 96 எம்பி. விளையாட்டுக்காகவே கம்ப்யூட்டர் கட்டுபவர்கள் அதைத் தேடுவது இதனால்தான். டேலிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

படி 3: கோர் எத்தனை, ஒரு கோர் எவ்வளவு வேகம்?

ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) செய்யும் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டமாகச் சாயக் கலவையை ஊற்றுவார் ஒருவர். பக்கத்தில் இன்னும் பத்துப் பேர் நின்றாலும் அந்த ஒரு கல் சீக்கிரம் முடியாது. அவருடைய கைவேகம்தான் கணக்கு. ஆனால் ஒரு வீட்டுத் தளம் முழுவதற்கும் கல் வேண்டும் என்றால், பத்துப் பேர் இருக்கும் பட்டறைதான் சீக்கிரம் முடித்துக் கொடுக்கும்.

டேலி, எக்செல், போட்டோஷாப்பின் பெரும்பாலான வேலைகள் ஒரு கல்லைப் போன்றவை. அங்கே ஒரு கோரின் வேகம் முக்கியம். வீடியோ ஏற்றுமதி, முப்பரிமாண ரெண்டரிங், பெரிய புரோகிராம்களைக் கம்பைல் செய்வது ஆகியவை முழுத் தளத்தைப் போன்றவை. அங்கே கோர்களின் எண்ணிக்கை பேசும்.

இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையிலிருந்து பல மாடல்களில் இரண்டு வகைக் கோர்கள் உள்ளன: வேகமான பி கோர், சிறிய ஈ கோர். ஐ5-14400 என்றால் 6 பி, 4 ஈ. "10 கோர்" என்று பெட்டியில் பார்த்ததும் பத்தும் ஒரே வலு என்று எண்ணிவிடக் கூடாது. மாணவர்களுக்கு 6 வேகமான கோர்கள் உள்ள எதுவும் நல்ல தொடக்கம்: ஐ5-12400, ரைசன் 5 5600, ரைசன் 5 7600.

படி 4: உள்ளே கிராபிக்ஸ் இருக்கிறதா?

தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போவதில்லை என்றால் "எஃப்" மாடலைத் தொடவே கூடாது; மானிட்டரில் ஒன்றுமே தெரியாது. ரைசன் 5 5600-இன் பெயரில் "எஃப்" இல்லாவிட்டாலும் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. 5600ஜி-யில் இருக்கிறது. 7600-இல் படம் காட்டும் அளவுக்குச் சிறிதாக ஒன்று இருக்கிறது.

செக்காலை ரோட்டில் ஒரு கடையில் நின்றபோது கேட்ட பேச்சு இது. ஸ்டுடியோ வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், "அண்ணே, கிராபிக்ஸ் கார்டு எப்படியும் போடுகிறேன். எஃப் மாடல் எடுத்தால் மிச்சம்தானே?" என்றார். "தம்பி, உன் கேமரா எந்த வகையில் வீடியோ பதிவு செய்கிறது, முதலில் அதைச் சொல்" என்றார் கடைக்காரர். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி.

இப்போது கல்யாணங்களுக்கு வரும் பல கேமராக்கள் 10 பிட், 4:2:2, எச்.265 என்ற வகையில் (நிற விவரங்களை அதிகமாக வைத்து, கோப்பை இறுக்கிச் சுருக்கும் முறை) பதிவு செய்கின்றன. நிறங்களைப் பிறகு திருத்த அது வசதி. ஆனால் எடிட்டிங்கில் விட்டுவிட்டு ஓடும், திணறும். இந்த வகையை வன்பொருளிலேயே பிரித்துக் காட்டும் எஞ்சின் இன்டெல்லின் அண்மைத் தலைமுறைகளின் உள் கிராபிக்ஸில் இருக்கிறது. குவிக் சிங்க் என்பது அதன் பெயர். என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இந்த வசதி வந்தது. அதற்கு முந்தைய கார்டுகளில் இல்லை. ஆகவே பழைய என்விடியா கார்டை வைத்துக்கொண்டு "எஃப்" மாடல் வாங்கும் ஸ்டுடியோக்காரர், சில ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்துத் தன் அன்றாட வேலையைத்தான் மெதுவாக்கிக்கொள்கிறார்.

ஸ்டுடியோவுக்கு நான் சொல்வது ஐ5-14500. 6 பி, 8 ஈ என 14 கோர். உள்ளே யுஎச்டி 770 கிராபிக்ஸ். ஐ5-14400-இல் உள்ள யுஎச்டி 730-இல் ஒரு வீடியோ எஞ்சின்தான் உண்டு, 770-இல் இரண்டு. மூன்று கேமரா காட்சிகளை அருகருகே ஓடவிட்டு, தாலி கட்டும் நேரத்தை வெட்டி ஒட்டும்போது இதன் அருமை தெரியும்.

படி 5: சாக்கெட்டும் ராமும்

ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் பொருந்தவில்லை என்றால் எதுவும் நடக்காது. இன்டெல் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கு எல்ஜிஏ 1700. கோர் அல்ட்ரா 200-க்கு எல்ஜிஏ 1851. ரைசன் 5000 வரை ஏஎம்4. 7000 முதல் ஏஎம்5. ஏஎம்5-இல் டிடிஆர்5 ராம் மட்டுமே போடலாம், ஏஎம்4-இல் டிடிஆர்4 மட்டுமே. எல்ஜிஏ 1700-இல் போர்டைப் பொறுத்து இரண்டில் ஒன்று.

இன்னும் சில ஆண்டுகள் கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்ற விரும்புகிறவர்கள் ஏஎம்5 பக்கம் போகலாம். 2027-க்கு அப்பாலும் அதற்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி அறிவித்திருக்கிறது. எல்ஜிஏ 1700, ஏஎம்4 இரண்டும் பயணத்தின் முடிவுக்கு வந்துவிட்டவை. மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் ப்ராசஸரின் விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். ப்ராசஸர், போர்டு, ராம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். தலைகீழாக மாறும் கணக்குகள் உண்டு.

"கே" மாடலுக்கு மட்டும் விலை கூடிய இசட்790 போர்டு தேவைப்படும், அதுவும் வேகத்தை உயர்த்துவதாக இருந்தால்தான். மற்றவர்களுக்கு பி760 போதும். 14-ஆம் தலைமுறை ப்ராசஸரை முந்தைய பி660 போர்டில் போடுவதாக இருந்தால், பயாஸ் (மதர்போர்டிலேயே உள்ள அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துக் கொடுக்கச் சொல்லிக் கடையிலேயே கேளுங்கள்.

படி 6: நம் ஊர் வெயில், நம் ஊர் மின்சாரம்

பெட்டியில் உள்ள "65 வாட்" என்பது உச்ச அளவு அல்ல. ஐ5-12400 முழு மூச்சில் ஓடும்போது 117 வாட் வரை போகும். ஐ5-14500 154 வாட் வரை. ரைசன் 5 7600 அதே 65 வாட் பெயரில் 88 வாட்டோடு நின்றுவிடும்.

அறையின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் ப்ராசஸரின் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். சித்திரை, வைகாசி மாதங்களில் மாடியில் உள்ள கான்கிரீட் அறையில் இதை நேரடியாக உணரலாம். சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய வீடாக இருந்தால், வளவை ஒட்டிய கீழறையில் வையுங்கள். தேக்கு அலமாரிக்குள் அடைத்துவிடாதீர்கள். 65 வாட் வகைக்குப் பெட்டியோடு வரும் கூலர் சாதாரண வேலைக்குப் போதும். ஸ்டுடியோவில் மணிக்கணக்கில் ரெண்டர் செய்பவர்கள் தனியாக ஒரு டவர் கூலர் வாங்குவது நல்லது. செம்மண் தூசி கூலரின் இடுக்குகளில் படிந்துவிடும். முன்பக்கத்தில் கழற்றிக் கழுவும் வலை உள்ள கேபினட்டாகப் பாருங்கள்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு 600 விஏ யுபிஎஸ் பொதுவாகப் போதும். கார்டு இருந்தால் அது போதாது.

படி 7: கடையில் பணம் கொடுக்கும் முன்

சீல் உடையாத பெட்டியையே வாங்குங்கள். "ட்ரே" என்று தனியாக விற்கப்படும் ப்ராசஸருக்குப் பெட்டியில் வருவதைப் போன்ற 3 ஆண்டு உற்பத்தியாளர் வாரண்டி கிடைப்பதில்லை.

பெட்டியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள். இன்டெல் என்றால் ப்ராசஸரின் உலோக முதுகில் உள்ள தொகுதி எண்ணும் பெட்டி ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில்லில் முழு மாடல் பெயரும், கடைசி எழுத்து உட்பட, இருக்க வேண்டும். "ஐ5 ப்ராசஸர் 1" என்று எழுதிய பில்லை வாங்காதீர்கள். ஏஎம்4 ரைசனில் ஊசிகள் ப்ராசஸரின் அடியில் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வளைந்தது தெரிந்துவிடும். இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் ஊசிகள் மதர்போர்டின் சாக்கெட்டில் இருக்கும். ஆகவே போர்டின் பிளாஸ்டிக் மூடியைத் திறந்து அங்கே பாருங்கள். விரலால் தொட வேண்டாம். பொருத்தும்போது ப்ராசஸரின் மூலையில் உள்ள சிறு முக்கோணம் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர வேண்டும். அழுத்தவே தேவையில்லை, தானாக அமரும்.

13, 14-ஆம் தலைமுறை இன்டெல் வாங்கினால் இன்னொன்று. அவற்றில் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நாளடைவில் பழுதாவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, பயாஸ் வழியாகத் திருத்தம் வெளியிட்டது. பாதிப்புக்குரிய மாடல்களுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. மேல்வரிசை ஐ7, ஐ9-களில்தான் இது அதிகம் பேசப்பட்டது. இருந்தாலும் எந்த மாடலாக இருந்தாலும் விண்டோஸ் ஏற்றும் முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ப்ராசஸரை முழு மூச்சில் ஓடவைக்கும் சினிபெஞ்ச் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் வெப்பத்தைக் கவனியுங்கள். இந்த இன்டெல் மாடல்களுக்கு 100 டிகிரியும், ரைசன் 7000-க்கு 95 டிகிரியும் எல்லை. தொடங்கிய சில விநாடிகளிலேயே அந்த எல்லையைத் தொட்டால், கூலர் சரியாக உட்காரவில்லை அல்லது அதன் அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே பொருத்தியிருக்கிறார்கள். அன்றைக்கே கடைக்கு எடுத்துச் சென்று கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.