கொரில்லாவைப் பார்க்காமலே கொரில்லாவை எண்ணுவது எப்படி?

உலகில் மலை கொரில்லாக்கள் 1,063 என்று படித்திருப்பீர்கள். அதில் கணிசமான ஒரு பங்கை யாரும் நேரில் பார்த்து எண்ணவில்லை. இரவு தூங்கி எழுந்துபோன கொரில்லாக்கள் படுக்கையில் விட்டுச்சென்ற எச்சத்தை அளந்து, பொட்டலம் கட்டி, ஆய்வகத்தில் டி.என்.ஏ. பிரித்துத்தான் எண்ணினார்கள். அந்த வேலை காட்டில் எப்படி நடக்கிறது, எங்கே பிசகும் என்பதை வரிசையாகச் சொல்கிறோம். கணக்கெடுப்புக் குழுவில் சேரப்போகும் மாணவர்களுக்கும், செய்தியில் வரும் எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று யோசிப்பவர்களுக்கும் இது உதவும்.

மலை கொரில்லா வாழ்வது இரண்டே இடங்களில். ஒன்று ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றின் எல்லையும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர், சுமார் 450 சதுர கி.மீ. மற்றது உகாண்டாவின் தென்மேற்கிலுள்ள பிவிண்டி தேசியப் பூங்கா, 331 சதுர கி.மீ. அதை ஒட்டிக் காங்கோ பக்கம் சாரம்ப்வே என்ற சிறிய காப்பகம் இருக்கிறது. மூன்று நாட்டு வனத்துறைகளும் ஒரே நேரத்தில் அனுமதி தந்து ஆளும் அனுப்பினால்தான் வேலை தொடங்கும். கொரில்லாவுக்கு எல்லைக்கோடு தெரியாது. ஒவ்வொரு நாடும் தனித்தனி நேரத்தில் எண்ணினால் அதே குடும்பம் அடுத்த நாட்டுக் கணக்கிலும் ஏறிவிடும்.

ஏன் நேரில் பார்த்து எண்ணுவதில்லை?

மனிதரிடம் பழகாத குடும்பம் ஆள் வாடை பட்டதுமே கலைந்து ஓடும், அல்லது வெள்ளிமுதுகு ஆண் (முதுகு முடி வெளுத்த, முழு வளர்ச்சி பெற்ற ஆண்) நம்மை நோக்கிப் பாய்ந்து வரும். அந்த அமளியில் எண்ணிய எண் எதற்கும் உதவாது. அதைவிடப் பெரிய காரணம் நோய். 2009-ல் ருவாண்டாவின் ஹிர்வா குடும்பத்தில் சளியும் இருமலும் பரவி ஒரு பெண் கொரில்லாவும் ஒரு குட்டியும் இறந்தன. அவற்றின் உடலில் இருந்தது மனிதர்களிடம் சாதாரணச் சளியாக வந்துபோகும் மெட்டாநிமோ வைரஸ்.

ஆகவே முதல் விதி எளிது. தொண்டை கரகரப்பு, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இதில் எது இருந்தாலும் காட்டுக்குள் போகக்கூடாது. 'லேசான ஜலதோஷம்தானே' என்று மறைப்பவரைக் குழுத்தலைவர் திருப்பி அனுப்பத் தயங்கக்கூடாது. காட்டில் மலம் கழிக்க நேர்ந்தால் 30 செ.மீ. ஆழம் தோண்டி மூடுங்கள். துப்பாதீர்கள், உணவுத் துணுக்குகளை எறியாதீர்கள். எதிர்பாராமல் கொரில்லா எதிர்ப்பட்டால் முகக்கவசத்தை இழுத்துப் போட்டு, குறைந்தது 10 மீட்டர் விலகுங்கள். பாய்ந்து வந்தால் ஓடாதீர்கள். குனிந்து உட்கார்ந்து கண்ணைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். ஓடுபவரைத்தான் அது துரத்திப் பிடிக்கும்.

காட்டைச் சல்லடை போடுதல்

ஐந்தாறு பேர் கொண்ட பல குழுக்கள் காட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக நகர வேண்டும். பக்கத்துப் பக்கத்து நடைபாதைகளுக்கு இடைவெளி 500 முதல் 700 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. அதற்குமேல் அகன்றால் நடுவில் ஒரு சிறிய குடும்பம் தடமே தெரியாமல் தப்பிவிடும். வரைபடத்தில் நேர்கோடு போடலாம், காலால் போட முடியாது. பள்ளத்தாக்கும் மூங்கில் புதரும் காஞ்சொறிக் காடும் குறுக்கே நிற்கும். வளைந்து நெளிந்து போங்கள், ஆனால் இடைவெளியை விட்டுவிடாதீர்கள். ஜி.பி.எஸ். பதிவை ஒவ்வொரு மாலையும் முகாமில் வரைபடத்தில் ஏற்றிப் பார்த்து, ஓட்டை தெரிந்தால் மறுநாளே போய் அடைக்க வேண்டும். 2015-16 விருங்கா கணக்கெடுப்பில் குழுக்கள் இப்படி 2,000 கி.மீ.க்கு மேல் நடந்தன. போகிற வழியில் மான்களுக்காக வைத்த கண்ணிகள் 380-க்கு மேல் கிடைத்தன. அவற்றை அறுத்தெறிந்து, இடத்தைக் குறித்துக்கொள்வதும் இதே வேலையின் பகுதி. மானுக்கு வைத்த கண்ணியில் கொரில்லாக் குட்டியின் கையும் மாட்டும்.

தடம் பிடித்தல்

கொரில்லாக் குடும்பம் நடந்த இடத்தில் செடிகள் மடிந்து கிடக்கும். தண்டுகள் சாய்ந்திருக்கும் திசைதான் அவை போன திசை. இலைகளின் வெளிறிய அடிப்புறம் மேலே தெரிந்தால் தடம் புதிது. ஈர மண்ணில் விரல் முட்டிகளின் பதிவுகள் அடுத்தடுத்து இருக்கும். வழிநெடுக உரித்துப் போட்ட காட்டுச் செலரித் தண்டின் தோல், மென்று துப்பிய முட்செடித் தண்டு. எருமைத் தடத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எருமையும் செடியை மடக்கும், ஆனால் குளம்பு மண்ணைக் கிண்டியிருக்கும், தண்டு உரிக்கப்பட்டிருக்காது. விருங்காவில் புதருக்குள் நிற்கும் எருமை, கொரில்லாவைவிடப் பல மடங்கு ஆபத்து.

தடம் எத்தனை நாள் பழசு என்பதைச் சேர்ந்து முடிவு செய்யுங்கள். உரித்த தண்டின் வெட்டுவாய் ஈரமாக, பச்சையாக இருந்தால் இன்றையது. ஓரம் பழுப்பேறியிருந்தால் நேற்று அல்லது முந்தாநாள். மடிந்த செடிகள் மறுபடி நிமிரத் தொடங்கியிருந்தால் இன்னும் பழசு. இரவு மழை பெய்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் ஒரு நாள் முன்பின் ஆகும். அனுபவமுள்ள தடங்காட்டி இல்லாமல் புதியவர் தனியாக முடிவெடுக்கக்கூடாத இடம் இது. ஒரு வாரத்துக்கு மேற்பட்ட தடத்தைப் பின்தொடர வேண்டாம். படுக்கையைக் கண்டுபிடித்தாலும் எச்சம் கெட்டுப்போயிருக்கும்.

தடம் இன்றையது என்று தெரிந்தால் முன்னே போகாதீர்கள், பின்னோக்கிப் போங்கள். நேற்றிரவுப் படுக்கையும் முந்தைய இரவின் படுக்கையும் அந்தப் பக்கம்தான். குடும்பமும் கலையாது.

படுக்கை, எச்சம், அளவு

ஒவ்வொரு மாலையும் பெரிய கொரில்லா ஒவ்வொன்றும் தனக்கென இலை தழைகளை வளைத்து ஒரு படுக்கை போடும், பெரும்பாலும் தரையிலேயே. மூன்று, மூன்றரை வயது வரை குட்டி தாயின் படுக்கையிலேயே தூங்கும். இரவிலோ காலையில் எழும்போதோ படுக்கையிலோ அதன் ஓரத்திலோ எச்சம் இட்டுச் செல்லும். மதிய ஓய்வுக்கும் படுக்கை போடும். ஆனால் அது அவசரமாகச் சாய்த்த தழைக்குவியல், எச்சம் பெரும்பாலும் இருக்காது. எச்சம் இல்லாத தழைக்குவியலை இரவுப் படுக்கைக் கணக்கில் சேர்த்தால் தவறு அங்கேயே தொடங்கிவிடும்.

முதல் படுக்கை கண்ணில் பட்டதும் எல்லோரும் அப்படியே நிற்க வேண்டும். கண்டபடி நடந்தால் குட்டியின் சிறிய எச்சத்தை மிதித்துவிடுவீர்கள். ஒருவர் எழுத, இருவர் வட்டமாகச் சுற்றி வர, கண்ட ஒவ்வொரு படுக்கைக்கும் எண் போட்ட நாடா கட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாக அளவுகோலோடு உட்காருங்கள்.

அளப்பது எச்சக் கட்டியின் குறுக்களவை. உடையாத, நசுங்காத கட்டிகளில் பெரியதைத் தேர்ந்தெடுத்துக் காலிப்பரால் அளக்க வேண்டும். 7.2 செ.மீ.க்கு மேல் இருந்து, படுக்கைத் தழையில் வெள்ளி நிற முடியும் ஒட்டியிருந்தால் அது வெள்ளிமுதுகு ஆண். 5.5 முதல் 7.2 செ.மீ. வரை என்றால் வளர்ந்த பெண், அல்லது இன்னும் முதுகு வெளுக்காத கருமுதுகு ஆண். 5.5 செ.மீ.க்குக் கீழே என்றால் இளையது. நடுத்தர அளவுக் கட்டியோடு அதே படுக்கையில் சின்னஞ்சிறு எச்சமும் இருந்தால் தாயும் குட்டியும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் மூன்று விதங்களில். கொரில்லா தன் எச்சத்தின் மேலேயே படுத்துத் தட்டையாக்கியிருக்கும். தட்டையானதை அளந்தால் பெண்ணை ஆணாக்கிவிடுவீர்கள். எச்சம் இளகியிருந்தால் அளவே எடுக்க வேண்டாம், 'அளவில்லை' என்று எழுதுங்கள். கைக்குட்டியின் எச்சம் பல நேரம் கண்ணில் படாது. தாயின் உடம்பில் ஒட்டிக்கொண்டே போயிருக்கும், இல்லையென்றால் தழைக்கடியில் மறைந்திருக்கும். அதனால்தான் வளர்ந்தவற்றைவிடக் குட்டிகளின் எண்ணிக்கை எப்போதும் குறைவாகவே பதிவாகிறது. மூன்றாவது, ஒரே கொரில்லா ஓர் இரவில் இரண்டு படுக்கை போடுவது. இதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

எனவே ஓர் இரவுப் படுக்கைத் தொகுதியோடு நிறுத்தாமல், அடுத்தடுத்த மூன்று இரவுகளின் படுக்கைகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். 9, 11, 11 என்று வந்தால் முதல் நாள் இரண்டைத் தவறவிட்டிருக்கிறோம் என்று புரியும். 7, 11, 6 என்று ஆடினால் இரண்டு குடும்பங்கள் அருகருகே தூங்கியிருக்கலாம். மறுபடி தடத்துக்குப் போங்கள். மூன்று எண்ணையும் கூட்டி மூன்றால் வகுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

மாதிரி எடுத்தல்

டி.என்.ஏ. கிடைப்பது எச்சத்தின் உள்ளிருந்து அல்ல, மேற்பரப்பிலிருந்து. குடலில் உரசி வந்த செல்கள் அங்கேதான் ஒட்டியிருக்கும். கையுறை மாட்டி, புதுக் குச்சியால் வெளிப்புறத்தை மட்டும் வழித்து, ஒரு நெல்லிக்காய் அளவு, ஏறத்தாழ 5 கிராம், எடுங்கள். ஒவ்வொரு படுக்கைக்கும் கையுறையும் குச்சியும் மாற்ற வேண்டும். மழையில் ஊறி வழவழப்பு போன எச்சத்தில் பலன் குறைவு. வேறு இல்லையென்றால் மட்டும் எடுத்து, நிலைமையை எழுதிவையுங்கள்.

பாதுகாப்பது இரண்டு கட்டம். முதலில் 50 மி.லி. குழாயில் சுமார் 30 மி.லி. எத்தனாலில் 24 முதல் 36 மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு எத்தனாலை வடித்து, மாதிரியைச் சிலிகா ஜெல் மணிகள் நிரப்பிய இன்னொரு குழாய்க்கு மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து, டி.என்.ஏ.வை அரிக்கும் நொதிகளை முடக்குகிறது. மிச்ச ஈரத்தைச் சிலிகா குடிக்கிறது. நேராகச் சிலிகாவில் போட்டால் நடுப்பகுதி காய்வதற்குள் கெடும். எத்தனாலிலேயே விட்டுவிட்டால் மாதக்கணக்கில் தாங்காது, விமானத்தில் ஏற்றுவதும் பாடு. மணிகளின் நிறம் மாறிவிட்டால் ஈரம் நிறைந்துவிட்டது என்று பொருள், புது மணி போடுங்கள்.

பென்சிலால் எழுதுங்கள். பேனா மை எத்தனால் கசிந்த நொடியில் கரைந்துவிடும். தேதி, குழு எண், படுக்கைத் தொகுதி எண், படுக்கை எண், கட்டியின் அளவு, ஜி.பி.எஸ். புள்ளி என எல்லாம் குழாயின் உடலிலும், உள்ளே போடும் சீட்டிலும் இருக்க வேண்டும். மூடியில் மட்டும் எழுதினால் மூடிகள் மாறிப்போகும். இரண்டு நாள் நடந்து கொண்டுவந்த மாதிரியை ஆய்வகத்தில் குப்பையில் போட வைப்பது பெரும்பாலும் இந்தச் சின்ன அலட்சியம்தான்.

பழகிய குடும்பங்கள்

ஆராய்ச்சிக்காகவும் சுற்றுலாவுக்காகவும் மனிதரிடம் பழக்கப்படுத்திய குடும்பங்களுக்கு இத்தனை பாடு இல்லை. தினமும் தடங்காட்டிகள் போய்ப் பெயர் சொல்லியே எண்ணுகிறார்கள். டயான் ஃபாஸி 1967-ல் கரிசிம்பி, விசோக்கே எரிமலைகளுக்கு நடுவே கரிசோக்கே ஆய்வு நிலையத்தைத் தொடங்கிய காலம் முதலே அடையாளம் காண உதவுவது மூக்குதான். நாசித்துளைகளுக்கு மேலே ஓடும் மடிப்புகளும் துளையின் வடிவமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. நேர்முகமாகப் பார்த்து, முதலில் இரண்டு துளைகளையும் வரைந்து, பிறகு மடிப்புகளைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் படம் வேண்டாம். ஒட்டிய விரல்கள் போன்ற அடையாளங்களையும் ஓரத்தில் குறியுங்கள். காயத்தழும்பை மட்டும் நம்பாதீர்கள், ஆறிவிடும்.

ஆய்வகமும் கணக்கும்

ஆய்வகத்தில் மைக்ரோசாட்டிலைட் எனப்படும், கொரில்லாவுக்குக் கொரில்லா வேறுபடும் டி.என்.ஏ. பகுதிகள் பலவற்றை ஒவ்வொரு மாதிரியிலும் படித்து, ஒத்துப்போகும் மாதிரிகளை ஒரே கொரில்லா என்று இணைக்கிறார்கள். ஆணா பெண்ணா என்பதும் இங்கேதான் உறுதியாகும். எச்சத்தில் டி.என்.ஏ. குறைவாக இருப்பதால் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு மரபணு வடிவங்களில் ஒன்று சில நேரம் விட்டுப்போகும். அப்போது ஒரே விலங்கு இரண்டாகத் தெரியும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு மாதிரிகளைக் கண்டால் புது கொரில்லா என்று எழுதுவதற்கு முன் மறுபடி ஓட்டிப் பாருங்கள். இந்தச் செலவு வீண் அல்ல. 2006-ல் பிவிண்டியில் படுக்கைகளை வைத்துக் கணக்கிட்டபோது 336 வந்தது. டி.என்.ஏ. கணக்கில் 302. முப்பத்துநான்கு கொரில்லாக்கள் காகிதத்தில் மட்டும் இருந்தன.

டி.என்.ஏ. மிகையைத் திருத்தும், விடுபட்டதைத் திருத்தாது. அதற்குத்தான் காட்டை இரண்டு முறை சல்லடை போடுவது. கற்பனையாக ஒரு கணக்கு: முதல் சுற்றில் 60 கொரில்லா, இரண்டாம் சுற்றில் 50, இரண்டிலும் வந்தவை 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60-ஐ 50-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 75. இரண்டு சுற்றும் சேர்த்துப் பதிவானவை 70. மீதி ஐந்தும் இரண்டு சுற்றிலும் தப்பியிருக்கலாம். ஆனால் எல்லாக் கொரில்லாவும் ஒரே மாதிரி அகப்படும் என்று எடுத்துக்கொண்டால்தான் இந்தச் சூத்திரம் சரி. கொரில்லாக்கள் குடும்பமாகவே அகப்படும், குடும்பமாகவே தப்பும். தனியாகத் திரியும் ஆண் எப்போதும் கடினம். ஆகவே இந்த மதிப்பீட்டோடு 'குறைந்தபட்சம் இத்தனை' என்ற எண்ணையும் சேர்த்தே அறிக்கையில் எழுதுங்கள்.

விருங்காவில் 1981-ல் 254, 2010-ல் 480, 2015-16-ல் 604. கடைசி இரண்டுக்கும் நடுவிலுள்ள 124-ஐ முழுவதும் பிறப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010-ல் ஒரு சுற்று, 2015-16-ல் இரண்டு சுற்று, உயர்வில் ஒரு பங்கு நன்றாகத் தேடியதால் வந்தது. அதே போல 1,063 என்பது ஒரே நாளில் எடுத்த எண் அல்ல. விருங்காவின் 604-உடன் 2018-ல் பிவிண்டி, சாரம்ப்வேயில் எண்ணிய 459-ஐக் கூட்டியது. எங்கே எழுதினாலும் எண்ணுக்குப் பக்கத்தில் ஆண்டையும், எத்தனை சுற்று என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.