ஆறாத புண்ணுக்கு நன்மை செய்யும் பாக்டீரியாக் கட்டு: கையாளும் முறை

நான்கு முதல் ஆறு வாரங்கள் கடந்தும் மூடாத புண்ணை நாள்பட்ட புண் என்பர். சர்க்கரை நோயாளியின் பாதப்புண், படுக்கைப்புண், சிரை இரத்தத் தேக்கத்தால் கணுக்கால் அருகே வரும் புண் ஆகியவை இவ்வகையில் பெரும்பான்மை. இவற்றில் சூடோமோனாஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் கூட்டமாகச் சேர்ந்து, ‘பயோஃபிலிம்’ எனப்படும் வழவழப்பான படலத்துக்குள் ஒளிந்துகொள்வதால், ஆன்டிபயாட்டிக் மருந்து அவற்றை எளிதில் எட்டுவதில்லை. எனவே நன்மை செய்யும் உயிருள்ள பாக்டீரியாவைக் கட்டில் வைத்துப் புண்ணில் இடும் முறை ஆராயப்படுகிறது. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் போன்ற அத்தகைய பாக்டீரியாக்கள் சுரக்கும் லாக்டிக் அமிலம் புண்ணின் காரத்தன்மையைக் குறைக்கிறது; அவற்றின் பிற சுரப்புகள் கிருமிகளுக்கு இடையிலான வேதிச் சமிக்ஞைகளைக் குலைக்கின்றன. இந்தப் பாக்டீரியாவைத் தீப்புண்ணில் பூசி, தீப்புண்ணுக்கு வழக்கமாக இடும் வெள்ளி கலந்த சில்வர் சல்ஃபாடயசின் களிம்புடன் ஒப்பிட்ட அர்ஜென்டினா ஆய்வு 2009-இல் வெளியானது. இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒத்திருந்தது. ஆயினும் இம்முறை இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை. எனவே ஆய்வுத் திட்டத்திலோ, புண் சிகிச்சை நிபுணரின் மேற்பார்வையிலோ மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும். தயிரையோ, விழுங்குவதற்கான புரோபயாட்டிக் மாத்திரையின் பொடியையோ புண்ணில் இடுவது இதற்கு மாற்றாகாது. அவற்றில் வேறு கிருமிகளும் கலந்திருக்கக்கூடும்.

முதலில் புண் ஆறாததன் காரணத்தைக் கண்டறிய வேண்டும். காலுக்கு இரத்த ஓட்டம் போதாமலும், சர்க்கரை கட்டுப்படாமலும், பாதத்தின் மேல் அழுத்தம் நீங்காமலும் இருக்கையில் எந்தக் கட்டும் உதவாது.

அடுத்தது புண்ணைத் தயார் செய்தல். என் கணிப்பில் பலரும் சறுக்கும் இடம் இதுதான். இறந்த திசுவைப் பயிற்சி பெற்றவர் சுரண்டி அகற்றிய பின்பும் பயோஃபிலிம் ஓரிரு நாட்களிலேயே மீண்டும் உருவாகத் தொடங்குவதால், சுத்தம் செய்தவுடனே கட்டை வைப்பது நல்லது. கழுவுவதற்கு செலைன் எனும் மருத்துவ உப்புநீர் போதும். அயோடினோ வெள்ளி கலந்த மருந்தோ புண்ணில் எஞ்சியிருந்தால், நாம் வைக்கும் பாக்டீரியாவும் சேர்ந்தே மடியும். உட்கொள்ளும் ஆன்டிபயாட்டிக்கும் அந்தப் பாக்டீரியாவைக் கொல்லக்கூடும் என்பதை மருத்துவரிடம் கூறவேண்டுமே தவிர, மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

உயிருள்ள பாக்டீரியா ஹைட்ரோஜெல் (நீர் நிறைந்த கூழ்) அல்லது ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து பெறும் கூழ்ப்பொருள்) படுகையில் இருப்பதால், உறையில் குறித்த வெப்பநிலையிலேயே அதைச் சேமிக்க வேண்டும். கட்டு புண்ணின் அடிப்பரப்பைத் தொட்டிருக்க வேண்டும். உலர்ந்துபோகாமல் மேலே ஈரம் காக்கும் உறை தேவை. பிரிக்கும்போது ஓரத்தோல் நெடுநேரம் நீரில் ஊறிய விரல்நுனியைப்போல் வெளுத்துச் சுருங்கியிருந்தால், நீர்க்கசிவு மிகுதி என்று பொருள். கட்டை இன்னும் விரைவாக மாற்ற வேண்டும்.

வாரந்தோறும் நீள அகலங்களை அளந்து குறித்துவைக்கவும். பாதப்புண்ணின் பரப்பு 4 வாரங்களில் பாதியாகக் குறையாவிட்டால் சிகிச்சை முழுவதையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

கீமோதெரபி பெறுவோர், உறுப்புமாற்று செய்தோர், செயற்கை இதய வால்வு உடையோர் ஆகியோருக்கு இம்முறை உகந்ததன்று. லாக்டோபேசில்லஸ் அரிதாக இரத்தத்தில் கலந்து தொற்றை உண்டாக்கியதுண்டு. காய்ச்சல், குளிர்நடுக்கம், பரவும் சிவப்பு, திசு கறுத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கழற்றிய கட்டை மருத்துவக் கழிவாகவே அகற்றி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவவும்.