வீட்டிலிருந்து வேலை: ஊழியரா, ஒப்பந்தக்காரரா? கையெழுத்துக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற ஊர்களிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வீட்டில் இருந்தபடியே கொழும்பு நிறுவனங்களுக்குக் கணினி வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அறை வாடகையும் பஸ் செலவும் இல்லாமல் குடும்பத்தோடு இருந்து உழைக்கக் கிடைப்பது நல்ல விடயமே. ஆனால் அவர்களில் பலரைச் 'சுயாதீன ஒப்பந்தக்காரர்' என்று தாளில் எழுதிவிட்டு, நடைமுறையில் முழு ஊழியராகவே நடத்துகிறார்கள். இதனால் பறிபோகும் உரிமைகள் சிறியவை அல்ல.

தாளின் தலைப்பே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும் என்று நம்புவதுதான் முதல் தவறு. அண்மையில் நான் படித்துப் பார்த்த ஓர் ஒப்பந்தத்தில், முதல் பந்தி 'ஊழியர் உறவு எதுவும் இல்லை' என்று கூறியது. அடுத்த பக்கமோ காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை கணினியில் இணைந்திருக்க வேண்டும், மதிய உணவுக்கு ஒரு மணி நேரம், விடுமுறைக்கு முன்கூட்டியே அனுமதி, வேறு எவருக்கும் வேலை செய்யக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனது. பிணக்கு வந்தால், வேலையை யார் கட்டுப்படுத்துகிறார், கருவிகள் யாருடையவை, இலாப நட்டம் யாரைச் சாரும், அந்த வேலை நிறுவனத்தின் அன்றாட இயக்கத்தின் ஒரு பகுதியா என்பவற்றையே நீதிமன்றங்களும், தொழிலாளர் முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையும் கவனிக்கின்றன. வீட்டில் இருந்து செய்கிறார் என்பதற்காக மட்டும் ஊழியர் ஒருவர் ஒப்பந்தக்காரர் ஆகிவிடுவதில்லை.

இரண்டாவது தவறு, கைக்கு வரும் தொகையை மட்டும் ஒப்பிடுவது. செக்ரோலில், அதாவது தோட்டத்தின் தொழிலாளர் பதிவேட்டில், பெயர் உள்ளவருக்கும் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவருக்கும் உள்ள வேறுபாடு தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். இருந்தும், மாதம் 60,000 ரூபா என்று கேட்டதும் நம் பிள்ளைகள் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஊழியராக அதே 60,000 ரூபாவைப் பெறுபவரிடமிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 8%, அதாவது 4,800 ரூபா கழிக்கப்படும். கையில் குறைவது போலத் தோன்றினாலும் அது அவருடைய சேமிப்புத்தான். அதற்கு மேல் தொழில்தருநர் தன் பங்காக 12%, அதாவது 7,200 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3%, அதாவது 1,800 ரூபாவும் செலுத்த வேண்டும். பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடத்தில் ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் உண்டு. மாதத்துக்குப் பிரித்தால் அது 2,500 ரூபா. கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ் கிடைக்கும் 14 நாள் வருடாந்த விடுமுறையையும் 7 நாள் அமய (தற்செயல்) விடுமுறையையும், மாதத்துக்கு 25 வேலை நாட்கள் என்று வைத்துக் கணக்கிட்டால் இன்னுமொரு 4,200 ரூபா வரும். ஆக, ஒப்பந்தக்காரர் ஒருவர் 75,700 ரூபாவுக்குக் குறைவாக வாங்கினால் ஊழியரைவிடக் குறைவாகவே உழைக்கிறார். மின்கட்டணம், டேட்டா, மடிக்கணினி பழுது, பெண்களுக்கான 84 நாள் மகப்பேற்று விடுமுறை ஆகியவை இந்தக் கணக்கில் சேரவே இல்லை. கட்டணம் பேசும்போது இந்தத் தொகையை மனதில் வைத்தே பேச வேண்டும்.

நிரந்தரமாக்கிய பிறகுதான் சேமலாப நிதி என்று சொல்லப்படுவதை ஏற்றுக்கொள்வதும் பரவலான தவறு. தற்காலிக ஊழியருக்கும், செய்த அளவுக்குச் சம்பளம் பெறுபவருக்கும் முதல் நாளிலிருந்தே அது உரியது.

உண்மையாகவே சுயாதீனமாக, பல வாடிக்கையாளர்களுக்கு, தன் நேரத்தில் வேலை செய்பவர்கள் வேறு விதமாகத் தவறுகிறார்கள். வேலையின் எல்லையும் பணம் தரும் திகதியும் எழுத்தில் இல்லாமல் தொடங்குகிறார்கள், விலைப்பட்டியல் அனுப்புவதில்லை. பின்னர் வங்கிக் கடன் கேட்கும்போது வருமானத்தைக் காட்ட ஒரு தாளும் கையில் இருப்பதில்லை. வரியும் அவர்களுடைய பொறுப்பே. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் விலக்கு உண்டு என்றாலும், குறிப்பிட்ட சில சேவைகளுக்கான மாதக் கட்டணம் ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டினால் 5% பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். அந்தப் பிடித்தத்துக்கான சான்றிதழைக் கேட்டு வாங்காவிட்டால் வரிக் கணக்கில் அதைக் கழிப்பது கடினம். வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது. வருமான வரி விவரத்திரட்டை நவம்பர் 30க்குள் ஒப்படைக்க வேண்டும். தோட்டத்து வரிசை வீடுகளான லயன்களுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்குப் போய்த் தங்கிவிடும் நிலை இருப்பதால், அரச அலுவலகங்களுக்குக் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் சரியாகக் கொடுத்து வைப்பது மிக அவசியம்.

கடைசியாக, ஆதாரங்களைத் தொலைப்பது. வேலை நேரம் குறித்த வாட்ஸ்அப் கட்டளைகள், விடுமுறை மறுக்கப்பட்ட செய்திகள், வங்கியில் பணம் வைப்பான பதிவுகள் ஆகிய அனைத்தையும் நிறுவனம் கொடுத்த கணக்கில் அல்லாமல் உங்கள் சொந்தக் கைபேசியிலும் தாளிலும் வைத்திருங்கள். வேலை நிறுத்தப்பட்ட அன்றே நிறுவனத்தின் கணக்கு பூட்டப்பட்டுவிடும். சேமலாப நிதி செலுத்தப்படாவிட்டால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். வேலையிலிருந்து நீக்கப்பட்டால், 'பேசிப் பார்ப்போம்' என்று நிறுவனம் இழுத்தடிப்பதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதமே அவகாசம். அது வேலை நின்ற நாளிலிருந்து எண்ணப்படுகிறது.