அறிபுனை ரசிகர் கேமராவைத் தூக்கும்போது செய்யக் கூடாதவை

அமெரிக்காவில் அறிவியல் புனைகதை ரசிகர்கள் 1930களிலிருந்தே கைக்காசைப் போட்டுச் சிறு இதழ்கள் நடத்தி, கதைகளை அலசி எழுதி வந்திருக்கிறார்கள். ஊதியம் எதிர்பாராமல் இப்படி எழுதுபவர்களுக்கு, அறிவியல் புனைகதைக்கான (அறிபுனை) ஹியூகோ விருதில் 1967 முதல் தனிப் பிரிவே உண்டு. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஒருவர் சொந்தமாகப் படம் எடுக்க இறங்கும்போது அவருடைய ரசிக மனம் பெரிய பலம். காலை வாருவதும் அதேதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இன்னொருவர் மனையில் வீடு கட்டுவது. 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரின் ரசிகர்கள் பல வருடங்களாகத் தாங்களே அந்த உலகத்தை வைத்துப் படம் எடுத்து வந்தார்கள்; உரிமையாளர்களும் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை. 'அக்ஸனார்' குழு ரசிகர்களிடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டி முழுநீளப் படத்துக்குத் தயாரானபோது நிலைமை மாறியது. 2015 டிசம்பரில் உரிமையாளர்களான பாரமவுண்டும் சிபிஎஸ்ஸும் வழக்குத் தொடுத்தன. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2016 ஜூனில், ரசிகர் படங்களுக்கு அந்த நிறுவனங்களின் விதிகள் வந்தன: ஒரு பாகம் 15 நிமிடம், ஒரு கதைக்கு மொத்தம் 30 நிமிடம், திரட்டும் பணம் 50,000 டாலருக்குள், யாருக்கும் சம்பளம் கிடையாது. 2017 ஜனவரியில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஆனால் அந்த விதிகள் அமைதியாகத் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற ரசிகர்களையும் சேர்த்தே கட்டிப்போட்டன.

வழக்கே வராமல் போயிருந்தாலும் அந்தப் படம் எடுத்தவர்களுக்குச் சொந்தமாகியிருக்காது. விற்க முடியாது, தொடர்ச்சி எடுக்க முடியாது. கை பழக ஒரு குறும்படம் எடுங்கள், சரி. ஐந்து வருட உழைப்பை அங்கே கொட்டாதீர்கள்.

அடுத்தது, விண்கலம் இல்லாமல் அறிபுனை இல்லை என்ற நினைப்பு. கணிதம் படித்து, மென்பொருள் வேலை பார்த்த ஷேன் கருத் டல்லாஸில் எடுத்த 'ப்ரைமர்' படத்தின் செலவு சுமார் 7,000 டாலர். அதில் கால இயந்திரம் என்பது ஒரு பெட்டி, அவ்வளவுதான். 2004இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவின் பெரிய பரிசு அதற்குக் கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்லி உற்சாகப்படுத்துபவர்கள் மறுபாதியைச் சொல்வதில்லை. எழுத்து, இயக்கம், நடிப்பு, இசை, படத்தொகுப்பு எல்லாவற்றையும் தன் தோளில் போட்டுக்கொண்டதால் ஷூட்டிங்குக்குப் பிறகான வேலைகளே அவருக்குச் சுமார் இரண்டு வருடம் பிடித்தன. அந்த இரண்டு வருடச் சாப்பாடும் வாடகையும் 7,000 டாலருக்குள் வராது. பட்ஜெட் போடும்போது உங்கள் வீட்டுச் செலவையும் ஒரு வரியாக எழுதுங்கள்.

ரசிகராக எழுதிப் பழகியவருக்கு எல்லாவற்றையும் விளக்கிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். கட்டுரையில் அது அழகு. படத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே தங்களுக்குத் தெரிந்த விஷயத்தை ஒருவருக்கொருவர் விளக்கிக்கொண்டு நிற்பார்கள். அந்த வசனங்களை வெட்டுங்கள்.

அப்புறம், காகித வேலை. 1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்துக்கு விநியோகஸ்தர் தரப்பில் தலைப்பை மாற்றினார்கள். பழைய தலைப்போடு இருந்த காப்புரிமை அறிவிப்பைப் புதிய தலைப்பில் சேர்க்க விட்டுவிட்டார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்த ஒரு வரி இல்லாததால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் பிரதி போட்டு விற்றார்கள். இன்று அந்தச் சட்டம் இல்லை. ஆனால் இசையமைத்த நண்பரிடமும் நடித்த நண்பரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்காமல் விடுவது இன்றும் நடக்கிறது. படத்தை வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தக் காகிதங்களைத்தான்.

படம் வெளிவந்ததும் எழுதுவதை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உங்களை முதலில் நம்பியவர்கள் உங்கள் வாசகர்கள். தொடர்ந்து எழுதுங்கள். நீங்கள் வேலை செய்த படத்தைப் பற்றியோ நண்பரின் படத்தைப் பற்றியோ எழுதினால் அந்தத் தொடர்பை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.